பதிவேட்டுக்கு வெளியே மருத்துவம்: கர்நாடகத்தின் கண்காணிப்பு வரலாறு

கர்நாடகத்தில் தகுதியின்றி மருத்துவம் பார்ப்பவரைப் பிடித்துத் தண்டிக்கத் தனிச் சட்டம் என்று ஒன்று இல்லை. பெங்களூரின் புறநகரில் ஒரு கிளினிக்குக்குச் சீல் வைக்கப்படும்போது முதல் தகவல் அறிக்கையில் ஏறும் பிரிவுகள் பல சட்டங்களிலிருந்து திரட்டப்பட்டவை. 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 1961-ஆம் ஆண்டின் மாநிலப் பதிவுச் சட்டங்கள், 2007-ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம், 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டம், ஏமாற்றுதலுக்கும் ஆள்மாறாட்டத்துக்கும் உரிய பொதுக் குற்றவியல் பிரிவுகள் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றும் வேறொரு காலத்தில், வேறொரு தேவைக்காக எழுதப்பட்டது. வரிசையாக வைத்துப் பார்த்தால் இவற்றில் ஒரு போக்கு தெரிகிறது. முதலில் சட்டம் ஆளைப் பார்த்தது. பிறகு அவர் வைத்திருக்கும் சான்றிதழைப் பார்த்தது. இன்று அவர் உட்கார்ந்திருக்கும் அறையைப் பார்க்கிறது. நோயாளிக்கு அவர் என்ன செய்தார் என்பது எந்தக் கட்டத்திலும் கண்காணிப்பின் மையக் கேள்வியாக இருந்ததில்லை.

போலி டாக்டர் என்ற ஒரே பெயருக்குள் அடைபடுபவர்கள் பல வகையினர். பள்ளிப் படிப்போடு நின்று, ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராகப் பத்து ஆண்டு வேலை பார்த்துவிட்டுத் தனியாகக் கடை திறந்தவர் ஒரு வகை. ஊர் அவரை ஆர்.எம்.பி. டாக்டர் என்று அழைக்கும். ஆயுர்வேதத்திலோ ஹோமியோபதியிலோ முறையான பட்டமும் பதிவும் பெற்று, ஊசியும் ஆன்டிபயாடிக்கும் கொடுப்பவர் இன்னொரு வகை. மாற்று மருத்துவம், எலக்ட்ரோபதி என்ற பெயர்களில் அஞ்சல்வழி டிப்ளமோ வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பவர், மூலத்துக்கும் பவுத்திரத்துக்கும் அறுவையில்லாச் சிகிச்சை என்று பலகை வைத்தவர், தலைமுறையாக எலும்பு கட்டும் நாட்டு வைத்தியர் ஆகியோரும் உண்டு. வேறொருவருடைய பதிவு எண்ணைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும் அப்பட்டமான மோசடிக்காரரும் இந்தப் பட்டியலில்தான் வருகிறார். இவர்கள் எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்க முயல்வதில்தான் சட்டத்தின் சிக்கல்கள் தொடங்குகின்றன.

உரிமம் இல்லாத மருத்துவரைக் காவல் காக்கும் எண்ணமும் அதன் குழப்பங்களும் இந்தியாவுக்கு இங்கிலாந்திலிருந்து வந்தவை. அங்கே 1511-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவ உரிமம் வழங்கும் பொறுப்பைத் திருச்சபையிடம் கொடுத்தது. லண்டனிலும் அதைச் சுற்றி ஏழு மைலுக்குள்ளும் லண்டன் பேராயரோ செயின்ட் பால் தேவாலயத்தின் தலைமைக் குருவோ, தேர்ந்த மருத்துவர்களின் துணையோடு ஆளைச் சோதித்து அனுமதிக்க வேண்டும். மற்ற இடங்களில் அந்தந்த மறைமாவட்டப் பேராயர். 1518-இல் எட்டாம் ஹென்றி, தாமஸ் லினாகர் முதலானோரின் வேண்டுகோளை ஏற்று மருத்துவர் கல்லூரிக்குச் சாசனம் அளித்தபோது, அதே ஏழு மைல் வட்டத்துக்குள் அனுமதி பெறாதவர்களைத் தண்டிக்கும் அதிகாரம் கல்லூரிக்குப் போனது. பாடம் நடத்தும் கல்லூரி என்று இதை எண்ணிவிடக் கூடாது. விசாரிக்கவும் அபராதம் விதிக்கவும் சிறையில் அடைக்கவும் உரிமை பெற்ற தொழில்முறைச் சங்கம் அது.

அந்த அதிகாரத்துக்கு எதிர்ப்பும் கிளம்பியது. 1540-களின் தொடக்கத்திலேயே நாடாளுமன்றம் வேறொரு சட்டம் இயற்றி, மூலிகை அறிந்த எளியவர்கள் புண், வீக்கம், கல்லடைப்பு போன்றவற்றுக்கு மருந்து கொடுப்பதைத் தண்டனையிலிருந்து விலக்கியது. ரண வைத்தியர்களின் பேராசை ஏழைகளைத் துன்புறுத்துகிறது என்று சட்டத்தின் முகப்பிலேயே காரணம் சொல்லப்பட்டது. எதிராளிகள் இதற்குப் போலிகளின் சாசனம் என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

அதைவிடப் பெரிய அடி தாமஸ் போனம் வழக்கில் விழுந்தது. போனம் கேம்பிரிட்ஜில் மருத்துவப் பட்டம் பெற்றவர். கல்லூரியின் அனுமதி இல்லாமல் லண்டனில் தொழில் செய்ததற்காக 1606-இல் அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது; பிறகு சிறையிலும் அடைக்கப்பட்டார். 1610-இல் தலைமை நீதிபதி எட்வர்ட் கோக் அளித்த தீர்ப்பு கல்லூரிக்கு எதிராக அமைந்தது. வசூலாகும் அபராதத்தில் பாதி கல்லூரிக்கே சேரும் நிலையில், வழக்குத் தொடுப்பவரும் தீர்ப்பளிப்பவரும் பணம் பெறுபவரும் ஒருவராகவே இருக்கக் கூடாது என்றார் கோக். பிடிபட்ட ஆள் தகுதியற்றவர் அல்லர் என்பதே இந்த வழக்கின் சுவாரசியம். சண்டை அறிவைப் பற்றியதாக இல்லை, எல்லையைப் பற்றியது. மருந்துக் கடைக்காரரான வில்லியம் ரோஸ் வழக்கில் 1704-இல் பிரபுக்கள் சபை, மருந்து விற்பவர் ஆலோசனையும் சொல்லலாம் என்று தீர்ப்பளித்தபோது கல்லூரியின் பிடி மேலும் தளர்ந்தது. கடைசியில் 1858-ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் பதிவேடு ஒன்றை உருவாக்கியது. ஆனால் பதிவில்லாதவர் மருத்துவம் பார்ப்பதை அது தடை செய்யவில்லை. பதிவு பெற்றவர் போல் நடிப்பதை மட்டுமே குற்றமாக்கியது.

இந்தியாவில் முதலில் வந்த மாகாணச் சட்டங்கள் இந்த 1858-ஆம் ஆண்டு மாதிரியின் நகல்கள். பம்பாய் 1912-இலும், வங்காளமும் சென்னையும் 1914-இலும் மருத்துவப் பதிவுச் சட்டம் இயற்றின. பதிவு பெற்றவரே அரசுப் பணியில் சேரலாம்; சட்டப்படி செல்லும் சான்றிதழில் கையெழுத்திடலாம். மற்றவர்கள் தொழில் செய்வதைச் சட்டம் தொடவில்லை. மாகாணங்களின் மிகப் பெரும்பான்மை மக்கள் வைத்தியரிடமும் ஹக்கீமிடமும் மருத்துவச்சியிடமும் போய்க்கொண்டிருந்த காலத்தில், தடை என்று எழுதியிருந்தாலும் அது காகிதத்தோடு நின்றிருக்கும்.

ஆக, இந்தச் சட்டங்களால் உருவான மருத்துவக் கவுன்சில்கள் தண்டிக்க முடிந்தது தங்கள் பதிவேட்டில் இருந்தவர்களை மட்டுமே. முதல் பெரிய சர்ச்சை அந்த வழியில்தான் வந்தது. 1910-களின் நடுவில் பம்பாயில், பிரபுராம் பெயரால் நடந்த ஆயுர்வேதக் கல்லூரியோடு தொடர்பு வைத்திருந்ததற்காகப் பட்டதாரி மருத்துவர் ஒருவரின் பெயரைப் பம்பாய்க் கவுன்சில் பதிவேட்டிலிருந்து நீக்கியது. முறையாகப் படித்தவர், முறையாகப் பதிந்தவர். செய்த குற்றம் ஆயுர்வேதத்தோடு கைகோத்தது. தெருவில் எந்தப் படிப்பும் இல்லாமல் மருந்து விற்றவரைக் கவுன்சில் எதுவும் செய்ய முடியாது, ஏனென்றால் நீக்குவதற்கு அவர் பெயர் பதிவேட்டில் இல்லை. இந்த முரண் இன்றுவரை தீரவில்லை. கர்நாடக மருத்துவக் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கையும் பதிவு பெற்றவர் மீதுதான் பாயும். பதிவற்றவர் விஷயத்தில் அது புகாரைப் போலீசுக்கும் சுகாதாரத் துறைக்கும் அனுப்பலாம், அவ்வளவுதான்.

1916-இல் வந்த இந்திய மருத்துவப் பட்டங்கள் சட்டம் ஆளை விட்டுச் சான்றிதழைப் பிடித்தது. கல்கத்தா போன்ற நகரங்களில் தனியார் கல்லூரிகள் தாங்களே பட்டம் அச்சிட்டுக் கொடுத்துவந்ததே இதற்குக் காரணம். அங்கீகாரம் இல்லாத அமைப்பு மேற்கத்திய மருத்துவத்தில் பட்டமோ டிப்ளமோ வழங்குவதும், அப்படிப்பட்ட பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வதும் குற்றமாயின. பொய்ப் பட்டம் போட்டுக்கொண்டவருக்கு முதல் முறை 250 ரூபாய் வரை அபராதம். ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி மூன்றையும் சட்டம் தன் வரையறையிலிருந்து வெளிப்படையாகவே விலக்கிவைத்தது. அந்த விலக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. மேற்கத்திய மருத்துவம் என்று சொல்லாத எந்தப் பட்டத்தையும் யாரும் வழங்கலாம் என்ற நிலை வந்தது. மாற்று மருத்துவ டிப்ளமோக்களின் பிற்கால வியாபாரத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

சென்னை அரசு இந்த இடைவெளியை வேறு வழியில் அடைக்கப் பார்த்தது. 1921-இல் முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைத்து, 1923-இல் அறிக்கை பெற்று, 1925-இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றுக்கும் அங்கே இடம் கிடைத்தது. குழுவின் செயலாளராக இருந்த ஜி. சீனிவாசமூர்த்தி பள்ளியின் முதல்வரானார். வைத்தியரைத் தடுக்க முடியாவிட்டால் அவருக்குப் பாடத்திட்டம் கொடுத்துவிடலாம் என்பது இதன் தர்க்கம். மைசூர் சமஸ்தானம் இதில் சென்னைக்கு முந்திக்கொண்டிருந்தது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1908-இலேயே மைசூரில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி தொடங்கப்பட்டுவிட்டது. மேற்கத்திய மருத்துவத்துக்குப் பெங்களூரில் 1917-இல் மருத்துவப் பள்ளியும், 1924-இல் அதன் வளர்ச்சியாகக் கல்லூரியும் வந்தன. கல்லூரி 1930-இல் மைசூருக்கு இடம் பெயர்ந்தது. மைசூர் மருத்துவப் பதிவுச் சட்டம் 1931-இல் வந்தது. ஆயுர்வேதக் கல்லூரிக்கு 23 ஆண்டு கழித்து அலோபதிப் பதிவேடு.

பெங்களூரில் இன்னொரு சிக்கல் இருந்தது. நகரம் மகாராஜாவின் ஆட்சியில், தண்டு எனப்பட்ட கன்டோன்மென்ட் பகுதி பிரிட்டிஷ் ரெசிடென்ட்டின் கையில். கப்பன் பூங்காவுக்கு மேற்கே மைசூர் சட்டம், கிழக்கே சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷனின் ஆணைகள். சிவாஜிநகர், அல்சூர் வட்டாரத்துத் தமிழர்கள் பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில்தான் இருந்தார்கள். மைசூர் அரசு எழுதிய எந்தப் பதிவுச் சட்டமும் அவர்கள் போகும் மருந்துக் கடையைக் கட்டுப்படுத்தாது. லண்டனின் ஏழு மைல் வட்டம் போல இங்கேயும் அதிகாரம் ஒரு கோட்டில் முடிந்தது. 1947 ஜூலையில் தண்டுப் பகுதி மைசூரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்ட பிறகுதான் அந்தக் கோடு அழிந்தது.

1956-இல் மாநில மறுசீரமைப்பு வந்தபோது சிக்கல் பெரிதானது. பெலகாவி, விஜயபுரம், தார்வாடு, வடகன்னடம் பம்பாயிலிருந்து வந்தன. கலபுரகி, ராய்ச்சூர், பீதர் ஐதராபாத்திலிருந்து வந்தன. தென்கன்னடம் சென்னையிலிருந்து வந்தது. குடகு தனி மாநிலமாக இருந்து இணைந்தது. ஒவ்வொரு பகுதியும் தன் பழைய மருத்துவச் சட்டத்தோடு வந்தது. அவற்றில் பம்பாய்ப் பகுதியின் சட்டமே கடுமையானது. 1938-ஆம் ஆண்டின் பம்பாய் மருத்துவர்கள் சட்டம் இந்திய மருத்துவத்துக்கும் பதிவேடு வைத்து, பதிவில்லாதவர் தொழில் செய்வதையே தடை செய்திருந்தது. 1858-ஆம் ஆண்டு மாதிரியை விட்டு விலகிய இந்தத் தடையும், ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் சலுகையும் ஒரே சட்டத்தில் இருந்தன. தடையைக் கொண்டுவர வேண்டுமானால் சலுகையும் கொடுத்தாக வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருந்தது.

புதிய மாநிலம் 1961-இல் மூன்று சட்டங்களால் இதை ஒழுங்குபடுத்தியது: அலோபதிக்கு ஒன்று, ஹோமியோபதிக்கு ஒன்று, ஆயுர்வேதம், இயற்கை மருத்துவம், சித்தம், யுனானி, யோகம் ஆகியவற்றுக்கு ஒன்று. மூன்றாவது சட்டத்தின் பெயரே ஒரு பத்தி நீளம். இந்திய மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டத்தின் வாலில், மருத்துவர்கள் பற்றிய பல்வகை ஏற்பாடுகள் என்று ஒட்டவைக்கப்பட்ட பகுதியில்தான், பதிவு பெறாதவர் மருத்துவத் தொழில் செய்யக் கூடாது என்ற தடை அமர்ந்திருக்கிறது. மாநிலத்தின் முக்கியமான மருத்துவத் தடை ஒன்று பின்னொட்டாக எழுதப்பட்டது என்பதே அதற்கு அன்று கொடுக்கப்பட்ட இடத்தைக் காட்டுகிறது.

மத்தியச் சட்டமும் இதே காலத்தில் இறுகியது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தில் 1964-இல் சேர்க்கப்பட்ட உட்பிரிவுகள், மாநிலப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் நவீன மருத்துவம் செய்தால் ஓராண்டு வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ என்று விதித்தன. அந்த 1,000 ரூபாய் அரை நூற்றாண்டுக்கு மேல் மாறவில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்தபோதுதான் அபராத வரம்பு 5 லட்சமாக உயர்ந்தது. சிறைத் தண்டனை ஓராண்டாகவே நின்றுவிட்டது. 1970-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மத்திய கவுன்சில் சட்டம் ஆயுர்வேத, சித்த, யுனானி மருத்துவர்களுக்கு இதே வகைக் காப்பையும் தடையையும் கொடுத்தது. பதிவேடு இல்லாத மாநிலங்களில் ஐந்தாண்டு தொழில் செய்தவருக்கு விலக்கும் தந்தது. தாத்தா கற்றுக்கொடுத்தார் என்பவருக்குச் சட்டம் திறந்துவைத்த கடைசிச் சன்னல் அதுதான்.

சட்டங்கள் தெளிவாகச் சொல்லாததை நீதிமன்றங்கள் சொல்ல நேர்ந்தது. பம்பாயைச் சேர்ந்த பூனம் வர்மா தொடுத்த வழக்கில், ஹோமியோபதி படித்தவர் காய்ச்சலுக்கு அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்தார். ஒரு மருத்துவ முறையைப் படிக்காமல் அந்த முறையில் மருத்துவம் செய்பவர் போலியே என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் வரையறுத்தது. தன் துறையில் முழுத் தகுதி உள்ளவரும் அடுத்த துறைக்குள் கால் வைத்த கணத்தில் போலியாகிவிடுவார். வரையறை கறாரானது. ஆனால் இரண்டே ஆண்டில், 1998-இல், முக்தியார் சந்த் வழக்கில் அதே நீதிமன்றம் ஒரு வழியைத் திறந்தது. மாநில அரசு மருந்து விதிகளின் கீழ் ஆணையிட்டு, அந்த மாநிலச் சட்டமும் அனுமதித்தால், இந்திய மருத்துவப் பதிவு பெற்றவர் அலோபதி மருந்து எழுதலாம். ஒரே ஊசி ஒரு மாநிலத்தில் குற்றமாகவும் அடுத்த மாநிலத்தில் அனுமதிக்கப்பட்டதாகவும் ஆனது இப்படித்தான். போனம் வழக்கில் இருந்த எல்லைச் சண்டை இங்கே நான்கு நூற்றாண்டு கழித்து வேறு உடையில் நடக்கிறது.

மாற்று மருத்துவ டிப்ளமோக்களுக்கு எதிராக மத்திய அரசு 2003 நவம்பர் 25 அன்று ஆணை வெளியிட்டது. எலக்ட்ரோபதி போன்ற அங்கீகாரமில்லா முறைகளில் பட்டம், டிப்ளமோ வழங்கக் கூடாது; டாக்டர் என்ற முன்னொட்டு பதிவு பெற்றவர்களுக்கே உரியது. ஆணைக்குப் பிறகும் அந்தச் சான்றிதழ்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றை நம்பித் தங்கள் கிளினிக்கைப் பதிவு செய்யும்படி கர்நாடக உயர் நீதிமன்றத்தை அணுகியவர்களும் உண்டு. அத்தகைய மனு ஒன்றை 2025-இல் தள்ளுபடி செய்த நீதிபதி எம். நாகபிரசன்னா, கிராமத்து அப்பாவிகளின் உயிரோடு விளையாடுபவர்கள் என்ற கடுமையான கருத்தையும் பதிவு செய்தார். இதில் கவனிக்க வேண்டியது மனுவின் வடிவம். மனுதாரர் தான் மருத்துவர் என்று நிரூபிக்க முயலவில்லை. தன் இடத்துக்குப் பதிவு கேட்டார்.

அப்படிக் கேட்கும் நிலையை உருவாக்கியது 2007-ஆம் ஆண்டின் கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம். கே.பி.எம்.இ. என்ற ஆங்கில எழுத்துச் சுருக்கத்திலேயே அதை எல்லாரும் அழைக்கிறார்கள். 1976-ஆம் ஆண்டின் தனியார் நர்சிங் ஹோம் சட்டத்துக்குப் பதிலாக வந்த இது, ஒற்றை அறைக் கிளினிக் முதல் பெரிய மருத்துவமனை வரை எல்லாவற்றையும் பதிவு செய்யச் சொன்னது. விதிகள் 2009-இல் வந்தன. பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும். மாவட்ட அளவில் டெபுடி கமிஷனர் தலைமையில் பதிவு ஆணையம். அன்றாட வேலையைச் செய்வது மாவட்டச் சுகாதார அதிகாரியின் அலுவலகம். அண்டையிலுள்ள தமிழ்நாடு 1997-இலேயே இதுபோன்ற சட்டம் இயற்றிவிட்டு, விதிகளை வெளியிட 2018 வரை எடுத்துக்கொண்டது. அதோடு ஒப்பிட்டால் கர்நாடகம் சுறுசுறுப்பானது.

இடத்தைப் பதிவு செய்வதில் நிர்வாகத்துக்கு வசதி அதிகம். ஒருவர் மருத்துவம் பார்த்தார் என்று மெய்ப்பிக்க நோயாளி சாட்சி சொல்ல வேண்டும். தன்னைக் குணப்படுத்தியதாக நம்பும் நோயாளி சாட்சி சொல்ல வரமாட்டார். குணமாகாதவர் வேறு டாக்டரைத் தேடிப் போயிருப்பார். பதிவற்ற அறை இருப்பதை மெய்ப்பிக்கப் பூட்டும் மகஜரும் போதும். தாலுகா சுகாதார அதிகாரி, ஆயுஷ் அதிகாரி, சில இடங்களில் போலீஸ் சேர்ந்த குழு வருகிறது. சுவரில் கே.பி.எம்.இ. சான்றிதழ் இருக்கிறதா, அதில் எழுதிய மருத்துவ முறையும் மேசையில் இருக்கும் மருந்தும் ஒத்துப்போகின்றனவா, மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் அறைக்குச் சீல். அறைக்குள் இருந்தவர் அடுத்த மாதம் இரண்டு தெரு தள்ளி இன்னொரு ஷட்டரைத் திறப்பதை இந்த நடவடிக்கை தடுக்காது. அதற்கு ஆள் மீதான வழக்கு வேண்டும், அது நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடக்கும்.

சோதனைக் குழுவின் கையில் உள்ள மிகக் கூர்மையான ஆயுதம் மருத்துவச் சட்டம் எதிலும் இல்லை. அது மருந்துச் சட்டத்தில் இருக்கிறது. உரிமமின்றி மருந்து விற்பதையும் விற்பனைக்கு இருப்பு வைப்பதையும் 1940-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே மூன்று ஆண்டு சிறையும் ஒரு லட்ச ரூபாய் அபராதமும். பதிவு பெற்ற மருத்துவர் தன் நோயாளிக்குக் கொடுக்க மருந்து வைத்திருக்க, விதிகளின் கே அட்டவணை விலக்கு அளிக்கிறது. பதிவில்லாதவருக்கு அந்த விலக்கு கிடையாது. ஆகவே நரம்பில் ஊசி ஏற்றியதற்கு அதிகபட்சம் ஓராண்டு. அந்த ஊசி மருந்தை அலமாரியில் வைத்து விற்றதற்குக் குறைந்தது மூன்றாண்டு. நோயாளியின் உடலைவிட மாத்திரைப் பெட்டிக்கு மூன்று மடங்கு மதிப்புக் கொடுக்கும் இந்தக் கணக்கு விசித்திரமானது. மருந்து ஆய்வாளர் உடன்வரும் சோதனைகளே உண்மையில் கடுமையானவை என்பதற்கும் இதுவே காரணம்.

2017-இல் கே.பி.எம்.இ. சட்டத்தைத் திருத்தும் முயற்சி வேறு திசையில் போனது. அன்றைய சுகாதார அமைச்சர் கே.ஆர். ரமேஷ் குமார், பெரிய மருத்துவமனைகளின் கட்டணத்தையும் நோயாளி உரிமைகளையும் சட்டத்துக்குள் கொண்டுவர விரும்பினார். நீதிபதி விக்ரமஜித் சென் தலைமையிலான குழு ஏற்கெனவே அறிக்கை கொடுத்திருந்தது. நவம்பரில் பெலகாவியில் சட்டமன்றம் கூடியபோது மாநிலம் முழுவதும் தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். புறநோயாளிப் பிரிவுகள் மூடப்பட்டன. இறுதியில் தணிந்த வடிவில்தான் திருத்தம் நிறைவேறியது. பதிவு ஆணையத்தோடு குறைதீர்க்கும் பொறுப்பும் சேர்ந்தது. அந்த வாரங்களின் விவாதத்தில் பதிவற்ற ஒற்றை அறைக் கிளினிக் ஏறக்குறைய காணாமலே போனது. சட்டத்தை எதிர்த்துத் தெருவுக்கு வர அதற்குச் சங்கம் இல்லை.

அது மீண்டும் செய்திக்கு வந்தது 2023 இறுதியில். பெங்களூர் பையப்பனஹள்ளி போலீசார் தொடங்கிய விசாரணையில், மண்டியா அருகே வெல்லம் காய்ச்சும் ஆலைமனை ஒன்றில் ஸ்கேன் எந்திரம் வைத்துக் கருவின் பாலினம் பார்த்த கும்பல் பிடிபட்டது. பெண் கரு என்றால் கருக்கலைப்பு. வழக்கு சி.ஐ.டி.க்கு மாறியது, மாநிலமெங்கும் கிளினிக் சோதனைகள் தீவிரமாயின. 2024-இல் சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவின் துறை பெயர்ப்பலகைக்கு நிறம் விதித்தது: அலோபதி என்றால் வெளிர் நீலம், ஆயுர்வேதம் என்றால் பச்சை, பலகையில் கே.பி.எம்.இ. எண்ணும் நிறுவனத்தின் பெயரும். எழுத்தறியாத நோயாளிக்கும் வேறுபாடு தெரியட்டும் என்பது நல்ல நோக்கம்தான். பெயின்ட் யாருக்கும் கிடைக்கும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தேவை எங்கிருந்து வருகிறது என்பதைப் பெங்களூரின் வரைபடமே சொல்லிவிடும். பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி போன்ற தொழிற்பகுதிகளிலும், கட்டடத் தொழிலாளர்கள் தகரக் கொட்டகையில் தங்கும் இடங்களிலும் ஒருநாள் கூலி போவது காய்ச்சலைவிடப் பெரிய இழப்பு. மாநில அரசு 2022-23-இல் நம்ம கிளினிக் திட்டத்தில் மாநகராட்சியின் 243 வார்டுகளிலும் இலவச மருத்துவமனை திறக்க முனைந்தது. தொடக்கத்தில் அதன் நேரம் காலை 9 முதல் மாலை 4.30 வரை. ஷிப்டு முடிந்து இரவு எட்டு மணிக்கு வருபவருக்கு அப்போது திறந்திருக்கும் கதவு வேறு. ஐம்பதோ நூறோ கொடுத்தால் ஓர் ஊசி, மூன்று வேளை மாத்திரை, தேவையென்றால் குளுக்கோஸ் பாட்டில். மறுநாள் வேலைக்குப் போய்விடலாம். நோயாளியின் மொழியைப் பேசுபவர் அவர், பல நேரம் கடனும் சொல்லலாம். இந்த உறவில் மருத்துவ அறிவு ஒரு சிறு பங்குதான்.

நாடு முழுவதும் படம் இதுவே. 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, அலோபதி மருத்துவர் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்களில் 57.3 விழுக்காட்டினருக்கு மருத்துவத் தகுதியே இல்லை என்று கண்டது. ஆபத்தும் கற்பனையல்ல. 2018-இல் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில், ஒரே ஊசியைப் பலருக்குப் போட்ட பதிவற்ற மருத்துவர் ஒருவரைத் தொடர்புபடுத்தி எச்.ஐ.வி. தொற்று வெடித்தது.

தண்டிப்பதற்குப் பதில் பயிற்சி கொடுக்கலாம் என்ற கருத்தும் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் லிவர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு பதிவற்ற மருத்துவர்களுக்கு ஒன்பது மாதப் பயிற்சி நடத்தியது. 304 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடந்த ஆய்வை ஜிஷ்ணு தாஸ் உள்ளிட்டோர் 2016-இல் வெளியிட்டனர். பயிற்சி பெற்றவர்கள் நோயைச் சரியாகக் கையாள்வது கூடியது. தேவையற்ற மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கொடுப்பது குறையவில்லை. இரு தரப்பும் தங்களுக்கு வேண்டியதை மேற்கோள் காட்ட வசதியான முடிவு இது. இந்திய மருத்துவச் சங்கம் இத்தகைய பயிற்சிகளைத் தொடர்ந்து எதிர்த்து வருகிறது. எதிர்ப்பில் தொழில் நலன் கலந்திருந்தாலும், ஒன்பது மாதச் சான்றிதழ் சுவரில் ஏறிய மறுநாள் அது பட்டமாகிவிடும் என்ற அச்சத்தில் உண்மை உண்டு.

நாட்டு வைத்தியர் விஷயம் இதிலும் சேராது. பெங்களூரில் புத்தூர் கட்டு என்ற பலகையுடன் எலும்பு கட்டும் வைத்தியசாலைகள் பல இருக்கின்றன. ஆந்திரத்தின் புத்தூரிலிருந்து பரவிய அந்த முறைக்கு நோயாளிகள் பகலிலேயே வரிசையில் நிற்கிறார்கள். 2018 ஏப்ரலில், கேரளப் பாரம்பரிய வைத்தியர் அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அங்கீகரிக்கப்பட்ட தகுதி இல்லாத பாரம்பரிய வைத்தியர் தொழில் செய்ய உரிமையில்லை என்று முடித்துவிட்டது. அதே சமயத்தில் பெங்களூரில் 1993 முதல் இயங்கும் எஃப்.ஆர்.எல்.எச்.டி. என்ற அமைப்பு, இந்தியத் தரக் கவுன்சிலோடு சேர்ந்து, பாரம்பரிய வைத்தியரின் அறிவைச் சோதித்துச் சான்றளிக்கும் திட்டத்தில் பங்கெடுத்து வருகிறது. எலும்பு கட்டத் தெரியும், பாம்புக்கடிக்கு மருந்து தெரியும் என்று அந்தச் சான்று சொல்லும். தொழில் செய்யலாம் என்று சொல்லாது. அறிவை நேரடியாகச் சோதிக்கும் ஒரே ஏற்பாடு இது, சட்ட வலிமை இல்லாததும் இதுவே.

கண்காணிப்பு வரலாற்றில் கடைசி மாற்றம் பொதுக் குற்றவியல் சட்டத்தில் வந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. அதே மரணம் பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சை செய்யும்போது நேர்ந்தால் இரண்டாண்டு வரை. பதிவேட்டில் இருப்பதும் இல்லாததும் முதல்முறையாக நோயாளியின் சாவோடு சட்டத்தில் இணைந்திருப்பது இங்கேதான். ஆனால் பதிவு பெற்ற மருத்துவர் யார் என்பதற்கு அந்தப் பிரிவின் விளக்கம் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் பதிவேட்டை மட்டுமே காட்டுகிறது. அந்த வாசகத்தின்படி, 1961-ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டத்தில் முறையாகப் பதிந்து, தன் முறைப்படியே சிகிச்சை செய்யும் ஆயுர்வேத மருத்துவரும் ஹோமியோபதி மருத்துவரும் ஐந்தாண்டு வரிசையில்தான் நிற்கிறார்கள், கம்பவுண்டர் வேலையிலிருந்து கடை திறந்தவரின் பக்கத்தில்.